வாலேஸும் அமேசான் குரங்குகளும்

காட்டிற்குக் கல்வி யாத்திரை செல்லும் மாணாக்கர் ஒரு குரங்கைக் கண்டவுடன் அதன் பெயர் யாதென ஆசிரியரை வினவுகின்றனர். பெயர் தெரிந்ததும் குறிப்புப் புத்தகத்தில் அதனை எழுதிக்கொண்டு மனநிறைவு எய்துகின்றனர். அக்குரங்கு எவ்விடத்துக் காணப்பட்டது, அவ்விடம் ஆற்றிற்கு எப்புறத்தது, எத்துணை உயரமுள்ள மரத்தில் அது இருந்தது என்பனவற்றை எழுதுவோர் மிகச் சிலரே. பெயரே அறிவு, இடம் வெறும் விவரம் என்று நம்மிற் பலர் கருதுகிறோம். பெயரைக் காட்டிலும் இடமே பெரிது என்று ஓர் இளைஞர் அமேசான் நதியின் காடுகளிற் கண்டுகொண்டார். அவர் பட்டம் பெற்றவரல்லர். எந்தக் கல்லூரியிலும் மாணவராய் இருந்தவரல்லர். ஆல்பிரட் ரஸ்ஸல் வாலேஸ் என்பது அவர் பெயர். டார்வினோடு ஒருங்கே இயற்கைத் தேர்வுக் கொள்கையை வெளியிட்டவர் என்று பாடப் புத்தகங்களில் ஒரு வரியில் அவரைப் படித்துவிட்டு அப்பாற் செல்கிறோம். அவ்வொரு வரிக்குக் காரணமான நான்கு ஆண்டுகளின் வரலாற்றையே நாம் ஈண்டுச் சற்று விரித்துக் கூறப் புகுகின்றோம்.

வாலேஸ் 1823-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 8-ஆம் நாள் வேல்ஸ் நாட்டெல்லையை அடுத்த அஸ்க் என்னும் ஊருக்கு அண்மையிற் பிறந்தார். பெற்றோருக்கு மக்கள் பலர். செல்வமோ நாளுக்கு நாள் தேய்ந்து வந்தது. ஹெர்ட்பர்டு நகரப் பள்ளியிற் பயின்றுகொண்டிருந்த அவர், பொருள் முட்டுப்பாட்டினால் 14 வயதளவிற் படிப்பை நிறுத்த வேண்டியவரானார். தமையனார் வில்லியம் என்பார் நிலம் அளக்குந் தொழிலர். அவருடன் சங்கிலியும் அளவுகோலும் சுமந்து வயல்களிலும் குன்றுகளிலும் சில ஆண்டுகள் திரிந்தார். எல்லை கோலி நிலத்தைப் படத்தில் வரையும் பழக்கம் அவர் கையிலும் கண்ணிலும் ஊறியது இக்காலத்திலேதான். பிற்காலத்தில் உயிரினங்களின் எல்லையைத் தேடிய மனத்திற்கு இஃதே பயிற்சிக்களமாயிற்று என்று நாம் எண்ணுகிறோம்.

1844-இல் லெஸ்டர் நகரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியராய் அமர்ந்தபோது ஹென்றி வால்டர் பேட்ஸ் என்னும் இளைஞரது நட்பு அவருக்கு வாய்த்தது. பேட்ஸ் வண்டுகளைத் திரட்டுவதில் பித்துக் கொண்டவர். அப்பித்து வாலேஸையும் விரைவிற் பற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டில் தமையனார் காலமாக, வாலேஸ் பள்ளியை விட்டு மீண்டும் நிலம் அளக்கச் சென்றார். எனினும் நண்பர் இருவர்க்கும் இடையே கடிதங்கள் ஓயவில்லை. உயிரினங்கள் எவ்வாறு தோன்றின என்னும் வினா அக்கடிதங்களில் திரும்பத் திரும்ப எழுந்தது. அமேசான் நதியைப் பற்றி எட்வர்ட்ஸ் என்னும் அமெரிக்கர் எழுதிய பிரயாண நூல் 1847-இல் அவர்கள் கைக்கு எட்டிற்று. உடனே இருவரும் அங்குச் செல்லத் துணிந்தனர். பொருளுதவி செய்வார் எவருமிலர். பறவைத் தோல்களையும் பூச்சிகளையும் இங்கிலாந்திற்கு அனுப்பினால் அவற்றை விற்றுத் தர ஸ்டீவன்ஸ் என்னும் ஏஜெண்டு இசைந்தார். அவ்விற்பனைப் பணமே அவர்களுடைய உணவு, படகு, துப்பாக்கி மருந்து அனைத்திற்கும் வழி. 1848 ஏப்ரலில் லிவர்ப்பூலிற் கப்பலேறியபோது வாலேஸுக்கு வயது 25, பேட்ஸுக்கு 23. நம் கல்லூரியின் மேல் வகுப்பு மாணவரினும் அவர்கள் வயதில் மிக மூத்தவரல்லர்.

அவ்வாண்டு மே மாத இறுதியில் அமேசான் முகத்துவாரத்தை அடுத்த பாரா என்னும் பட்டினத்தில் இறங்கினர். முதன்முதற் காட்டினுட் புகுந்த வாலேஸ், இலண்டன் மிருகக்காட்சி சாலையில் இருப்பதுபோல் எம்மருங்கும் குரங்குகள் துள்ளுமென எதிர்பார்த்தார். நாட்கள் சென்றும் ஒன்றையும் காணாது ஏமாற்றமுற்றார். மழைக்காட்டின் இயல்பு அத்தகையது. கீழே அரையிருள், உயிர்களின் ஆரவாரமெல்லாம் 100 அடிக்கு மேலே, இலைக்கூரையின் உச்சியில். கண் பழகினாலன்றி ஆங்கு ஒன்றும் தோன்றாது. காடு சென்று வெறுங்கையோடு திரும்பும் மாணவர் இதனை நினைந்து ஆறுதல் கொள்ளலாம்.

பின்னர் ஒருநாள் சுடப்பட்டு வீழ்ந்த ஒரு சிறு குரங்கு முற்றும் உயிர் நீங்காமற் கிடந்தது. அதன் அழுகுரலும், கள்ளமற்ற முகமும், மெல்லிய கைகளும் குழந்தையை ஒத்திருந்தன என வாலேஸ் தம் பிரயாண நூலில் எழுதியுள்ளார். அதனை அடுத்தே, குரங்கிறைச்சி சுவையுடையதெனக் கேள்வியுற்றிருந்தமையால் அதனை வீட்டிற்கு எடுத்துச் சென்று வறுத்துக் காலையுணவாக உண்டதையும் மறையாமல் எழுதியுள்ளார். படிப்போர் மனம் திடுக்கிடும். இரக்கமும் பசியும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. அக்காலத்துப் பிராணி நூலார் துப்பாக்கியின்றிக் காட்டை ஆராய்ந்தாரல்லர். குரங்கைக் கொல்லாது, மாதக்கணக்கில் அதன் கூட்டத்தைப் பின்தொடர்ந்து அதன் வாழ்வை எழுதும் முறை, 1931-இல் கார்ப்பென்டர் என்னும் அமெரிக்க அறிஞர் பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவில் ஊளைக்குரங்குகளை ஆராயத் தொடங்கிய பின்னரே வேரூன்றிற்று.

சில காலத்திற்குப் பின் நண்பர் இருவரும் பிரிந்து வெவ்வேறு வழிகளில் ஆராயத் தொடங்கினர். 1849-இல் இளவல் ஹெர்பர்ட் தமையனாருக்குத் துணையாக வந்து சேர்ந்தார். அவ்வாண்டின் கடைசி நாளில் வாலேஸ் பாரா நகரம் என்னும் ஊரை அடைந்தார். ரியோ நீக்ரோ என்னும் கருநீர் நதி அமேசானோடு கூடும் இடத்தருகே உள்ளது அவ்வூர். முன்னர்க் கூறிய துறைமுகப் பாராவினின்றும் வேறானது. பிற்காலத்தில் மனாஸ் எனப் பெயர் பெற்ற அதனை நாம் இனி அப்பெயராலேயே குறிப்போம். ஆங்கிருந்து ரியோ நீக்ரோவின் வழியே மேலேறி வெனிசுவேலா நாட்டினுள்ளும், உவாப்பெஸ் என்னும் கிளைநதியின் அருவிகளுக்கு அப்பாலும் சென்றார். ஐரோப்பியர் பலரும் கண்டிராத இடங்கள் அவை. படகு வலித்தவரும், வழி காட்டியவரும், மரவுச்சியில் இருந்த விலங்கை வீழ்த்தித் தந்தவரும் அந்நிலத்துப் பழங்குடியினரே.

அக்காடுகளிற் குரங்குகள் பலவகைப்பட்டன. நம் நாட்டு மந்தியும் கடுவனும் வாலாற் கிளையைப் பற்றித் தொங்குவதில்லை. அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகளுட் சிலவற்றிற்கோ வால் ஐந்தாவது கை. விடியலிற் காடு அதிரக் கூவும் ஊளைக்குரங்கும், நீண்ட கைகால்களையுடைய சிலந்திக்குரங்கும், அடர்ந்த மயிர் போர்த்த கம்பளிக்குரங்கும் இவ்வகையின. கம்பளிக்குரங்கை அந்நாட்டார் தொந்திக்காரன் எனப் பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லால் அழைப்பர். அதன் வயிற்றைக் கண்டார்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். பற்றாத வாலையுடைய இனங்கள் வேறு: அணிற்குரங்கு, இரவில் மட்டும் வெளிவரும் இராக்குரங்கு, குட்டைவாலும் மயிரற்ற முகமும் உடைய உவக்காரி, உள்ளங்கையில் அடங்கத்தக்க சிறு மார்மொசெட்டுகள். வாலேஸ் கண்டவை மொத்தம் 21 இனங்கள். அவற்றுள் 7 பற்றும் வாலுடையன, 14 அஃதில்லாதன.

இனங்களை எண்ணியதோடு அவர் நின்றிருந்தால் அவர் பெயரை இன்று நாம் எடுத்துப் பேச வேண்டுவதில்லை. வேட்டைக்காரரோடு பழகியபோது ஒரு செய்தி அவர் செவியிற் பட்டது. குறித்த ஒரு குரங்கு வேண்டுமாயின் அவர்கள் படகேறி அக்கரைக்குச் செல்வர். இக்கரையில் அதனைத் தேடுவாரல்லர். ஓர் இனம் ஒரு கரையில் நீரின் விளிம்பு வரையில் வந்து நிற்கும். எதிர்க்கரையில் அவ்வினத்தில் ஒன்றேனும் காணப்படாது. காடு இருபுறமும் ஒன்றே. மழையும் வெயிலும் ஒன்றே. கனிகளும் பெரும்பாலும் ஒன்றே. எனினும் குரங்குகள் வேறு. வேடர்க்கு இஃது அன்றாட அறிவு. ஐரோப்பாவின் பொருட்காட்சி சாலைகளிலோ இதனை அறிந்தார் இலர். அங்குள்ள தோல்களிற் கட்டிய சீட்டுகளில் தென்னமெரிக்கா என்றோ, பிரேசில் என்றோ, பெரு என்றோ மட்டுமே வரையப்பட்டிருக்கும். அமேசான் நதி எனச் சீட்டில் இருந்தால் அதுவே பெரும் பேறு. அந்நதியின் வடகரையா தென்கரையா என்பதைச் சீட்டு சொல்லாது. டார்வினே 1835-இல் காலபகஸ் தீவுகளிற் சிறு குருவிகளைத் திரட்டியபோது எக்குருவி எத்தீவினது என்று தனித்தனியே குறிக்கத் தவறிப் பின்னர் இடருற்றார். அத்துணைப் பெரியாருக்கும் நேர்ந்த வழு அது.

வாலேஸ் செல்லுமிடமெல்லாம் கரையைக் கேட்டறியலானார். அங்ஙனம் ஆராய்ந்ததில் அமேசான், ரியோ நீக்ரோ, மடெய்ரா என்னும் மூன்று பேராறுகளே எல்லைக் கோடுகள் என்பது புலனாயிற்று. அமேசானுக்கு வடக்கே ரியோ நீக்ரோவின் கீழ்ப்புறம் கயானாப் பகுதி. அதன் மேற்புறம் ஈக்வடார்ப் பகுதி. அமேசானுக்குத் தெற்கே மடெய்ராவின் மேற்புறம் பெருப் பகுதி. கீழ்ப்புறம் பிரேசிற் பகுதி. இந்நான்கிற்கும் தனித்தனிக் குரங்கினங்கள் உரியன. சிவந்த முகமுடைய கருஞ்சிலந்திக்குரங்கு கயானாப் பகுதியில் உண்டு. தொந்திக்காரன் ஆங்கு இல்லை. ரியோ நீக்ரோவைக் கடந்து மேற்கே சென்றால் தொந்திக்காரனைக் காணலாம். நதிகள் குறுகும் தலைப்பகுதியை அடைந்தால் இவ்வெல்லை மங்கிவிடும். ஆறு ஓடையாகும் இடத்தில் இரு கரையும் ஒன்றாவது இயல்புதானே.

இவ்வறிவிற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. ஹெர்பர்ட்டிற்கு இத்தொழில் ஒத்துவரவில்லை. தாயகம் திரும்பும் எண்ணத்தோடு துறைமுகத்திற்குச் சென்றவர், 1851 ஜூன் மாதத்தில் மஞ்சட் காய்ச்சலால் அங்கே மாண்டார். அவருக்கு வயது 22. அண்ணனோ பல நூறு மைல் தொலைவில், நதியின் மேற்பகுதியில் இருந்தார். தம்பி நோயுற்ற செய்தி வந்த பின்னர், இறந்த செய்தி வந்து சேரப் பல மாதங்கள் ஆயின. அதற்குள் வாலேஸும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்து, நடக்கவும் பேசவும் வலியின்றிக் கிடந்தார். உடல் தேறியதும் தாயகம் திரும்பத் துணிந்தார். முன்னரே அனுப்பும்படி விட்டுச் சென்ற பெட்டிகள் சுங்க அதிகாரிகளின் ஐயத்தினால் மனாஸிலேயே தங்கிவிட்டிருந்தன. அவற்றையும், எஞ்சியவற்றையும், உயிருடன் வளர்த்து வந்த குரங்குகளையும் கிளிகளையும் காட்டு நாயொன்றையும் கொண்டு, 1852 ஜூலை 12-ஆம் நாள் ஹெலன் என்னும் பாய்க்கப்பலில் ஏறினார்.

ஆகஸ்டு 6-ஆம் நாள் காலை உணவிற்குப் பின் கப்பல் தலைவர் அவர் அறையினுள் வந்து, கப்பலிற் தீப்பற்றியிருக்குமென்று ஐயுறுவதாகக் கூறினார். சரக்கு ரப்பரும், கொக்கோவும், தானே சூடேறித் தீப்பற்றும் இயல்புள்ள ஒரு மரத்தைலமும் ஆகும். புகையைத் தடுத்தல் ஒருவராலும் இயலவில்லை. வாலேஸ் அறையினுட் புகுந்து ஒரு சிறு தகரப் பெட்டியை எடுத்தார். பனை வகைகளும் மீன்களும் தாம் வரைந்த படங்கள், சில குறிப்புகள், சில சட்டைகள் ஆகிய இவையே அதிற் சென்றன. ஏனைய நாட்குறிப்புகளையும் படங்களையும் தேட அவருக்கு மனம் எழவில்லை. ஒருவகை மரப்பு அவரைப் பற்றிக்கொண்டது. கயிற்றின் வழியே படகில் இறங்கும்போது உள்ளங்கைத் தோல் உரிந்துபோயிற்று. உப்பு நீர் அதிற் பட்டு எரிய, ஒழுகும் படகில் அமர்ந்து நீரை இறைத்தார். கூண்டிலிருந்து விடுபட்ட குரங்குகளும் கிளிகளும் தீக்கு அஞ்சிக் கப்பலின் முன்மரத்தில் ஒதுங்கின. அவற்றைக் காக்கப் படகை அண்மையிற் செலுத்திக் காத்திருந்தனர். அவை வர அறியாது தீயினுள்ளேயே மாய்ந்தன. கயிறு எரிந்து கடலில் வீழ்ந்த ஒரு கிளி மட்டும் பிழைத்தது.

பத்து நாள் நடுக்கடலிற் படகுகளில் மிதந்த பின், கியூபாவிலிருந்து இலண்டன் செல்லும் ஜோர்டெசன் என்னும் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. அதுவும் பழையது, பாரம் மிக்கது, உணவு குறைந்தது. புயல்களைத் தாண்டி அக்டோபர் 1-ஆம் நாள் இங்கிலாந்தின் டீல் துறையிற் கரையேறினார். ஸ்டீவன்ஸ் முன்னறிவோடு சரக்கை இன்ஷியூர் செய்திருந்தமையால் அவர் வறுமையில் வீழவில்லை. தொடக்கத்தில் அனுப்பிய தொகுதிகள் தப்பின. ஆயின் பிந்திய ஆண்டுகளில் திரட்டியன அனைத்தும் கடலின் அடியிற் சாம்பலாயின.

எரிந்தது தோல், எக்கரை என்னும் அறிவு அவர் நெஞ்சில் எரியாமல் இருந்தது. கரையேறிய இரண்டரை மாதத்தில், 1852 டிசம்பர் 14-ஆம் நாள், இலண்டன் விலங்கியற் சங்கத்தில் அமேசான் குரங்குகளைப் பற்றிய உரையொன்றை அவர் படித்தார். அச்சில் நான்கு பக்கமே கொண்டது அது. மேலே நாம் கூறிய நான்கு பகுதிகளும், மூன்று நதிகளும், பொருட்காட்சி சாலைச் சீட்டுகளின் குறையும் அதிற் காண்பன. எல்லை முதலில் வேட்டைக்காரரால் அறியப்பட்டது என்பதை அவர் மறைத்திலர். எனினும் அவ்வேடருள் ஒருவர் பெயரும் அதில் இல்லை. இக்குறை வாலேஸுக்கு மட்டும் உரியதன்று. அக்காலத்து விஞ்ஞான உலகிற்கே உரியது.

இவ்வுரையின் பின் அவர் வாழ்வு விரைந்து விரிந்தது. 1854-இல் மலேயாத் தீவுக் கூட்டத்திற்குச் சென்று எட்டு ஆண்டுகள் அங்குத் தங்கினார். 1855-இல் சரவாக் நாட்டில் ஒராங்-உத்தான் என்னும் பெருங்குரங்குகளைச் சுட்டார்; தாயை இழந்த குட்டியொன்றை அரிசிக் கஞ்சி ஊட்டி வளர்த்தார்; அதற்குத் துணையாக ஒரு குரங்குக் குட்டியையும் தேடிக் கொணர்ந்தார். ஏறத்தாழ மூன்று மாதத்தில் அக்குட்டி காய்ச்சலால் இறந்தபோது பெரிதும் வருந்தினார். 1856-இற் பாலித் தீவிலிருந்து லொம்பொக் தீவிற்குக் கடந்தார். இடையிலுள்ள கடல் 15 மைல் அளவினது என்பது அவர் கணக்கு. அதனைக் கடந்ததும் பறவைகள் முற்றும் மாறுபடக் கண்டார். அமேசானில் நதிக்கரையைக் கேட்டுப் பழகியவர் கண்ணிற்கு அம்மாறுதல் தப்பவில்லை. அவ்வெல்லை இன்றும் வாலேஸ் கோடு என வழங்குகிறது. 1858-இல் காய்ச்சலிடையே அவர் எழுதி டார்வினுக்கு அனுப்பிய கட்டுரை, அவ்வாண்டு ஜூலை 1-ஆம் நாள் டார்வின் எழுத்துகளோடு லின்னேயன் சங்கத்திற் படிக்கப்பட்டது. அருகருகே வாழும் ஒத்த இனங்கள் ஏன் ஒத்திருக்கின்றன என்னும் வினாவிற்கு அங்கு விடை கிடைத்தது. அவ்வினா தோன்றிய இடங்களுள் ரியோ நீக்ரோவின் கரையும் ஒன்று. முதன்மை எனதே என்று அவர் ஒருநாளும் வழக்காடவில்லை. தம் மலேயா நூலை 1869-இல் டார்வினுக்கே உரிமையாக்கினார். 1913 நவம்பர் 7-ஆம் நாள், 90 வயதில், டார்செட் நாட்டுப் பிராட்ஸ்டோன் ஊரிற் காலமானார்.

அவர் கூறிய நதியெல்லை பின்னர் எவ்வாறாயிற்று என அறிய மாணவர் விரும்பலாம். அமேசானில் 11 ஆண்டுகள் இருந்த பேட்ஸ், வெண்ணிற உவக்காரி ஜப்புரா நதியை அடுத்த ஒரு சிறு பகுதியிலன்றி வேறெங்கும் இல்லை என்று கண்டு நண்பருக்குச் சான்றானார். அதே குரங்கைப் பின்னர் ஆராய்ந்த பிரேசில் நாட்டு அறிஞர் மார்சியோ ஐரெஸ், கிளட்டன்-பிராக் என்பாருடன் 1992-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நீர்ப்பெருக்கு மிக்க நதிகளின் இரு கரைக் குரங்குகளுக்கிடையே வேற்றுமையும் மிகுதி என்பது கணக்கிட்டுக் காட்டப்பட்டது. எல்லா உயிர்க்கும் இது பொருந்துவதன்று. ஜுருவா என்னும் நதியின் இரு கரையிலும் சிறு பாலூட்டிகளை ஆராய்ந்தோர், அந்நதி பெரும்பாலும் தடையாகவில்லை என 1994-இல் வெளியிட்டனர். வளைந்து வளைந்து ஓடும் ஆறு தன் வழியை மாற்றும்போது ஒரு கரைத் துண்டு நிலம் மறுகரைக்குச் சேர்ந்துவிடுதலும் உண்டு. தகரப் பெட்டியில் தப்பிய மீன் படங்களோ இலண்டன் இயற்கைப் பொருட்காட்சி சாலையிற் பேணப்பட்டு, 2002-இற் பிரேசில் நாட்டில் நூலாக வெளிவந்தன.

மனாஸ் இன்று பெருநகரம். 2011-இல் அங்கு ரியோ நீக்ரோவின் குறுக்கே 3.5 கிலோமீட்டர் அளவு நீளமுள்ள பாலம் ஒன்று திறக்கப்பட்டது. அந்நகரைச் சூழ்ந்த காட்டுத் துண்டுகளில் முன்பாதி வெள்ளையும் பின்பாதி பழுப்புமான இருநிறத் தாமரின் என்னும் சிறு குரங்கு வாழ்கிறது. நகரம் பெருகப் பெருக அதன் காடு சுருங்கி, அழிவின் விளிம்பில் உள்ள இனங்களுள் அது வைத்து எண்ணப்படுகிறது. பாலத்தைக் கடந்து எதிர்க்கரையில் இறங்கினால் அதனைக் காண முடியாது.